ஐம்பத்திரண்டே முக்கால் சுற்று

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

“பதறாத காரியம் சிதறாது” என்பது நம் முன்னோர் வாக்கு. ஓட்டப் பந்தயத்துக்கும் இந்தப் பழமொழிக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். பதறி ஓடுவதுதானே பந்தயம்? நூறு மீட்டர் ஓட்டத்துக்கு அது பொருந்தும். ஆனால், அரை மராத்தானில் பதறியவன் பாதி வழியில் சிதறிப் போகிறான். பொறுத்தவனே தன் பழைய நேரத்தை வெல்கிறான். இது ஏன் என்பதை நாம் வகுப்பில் படிக்கும் சாதாரணக் கணக்குகளைக் கொண்டே விளக்கிவிடலாம்.

தூரமும் அளவும்

1896-இல் ஏதென்சில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் மராத்தான் ஓட்டத்தின் தூரம் ஏறத்தாழ 40 கி.மீ. 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் அது 42.195 கி.மீ. ஆயிற்று. 1921-இல் அதுவே உலகெங்கும் நிலையான தூரமாக ஏற்கப்பட்டது. அதில் சரிபாதி, அதாவது 21.0975 கி.மீ., அரை மராத்தான். நம் கல்லூரி மைதானத்தின் 400 மீட்டர் வட்டப் பாதையில் ஓடினால் ஐம்பத்திரண்டே முக்கால் சுற்று!

பெருநகர அரை மராத்தான்களில் ஆயிரக்கணக்கானோர் ஓடுகின்றனர். முதலிடம் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் எதற்காக ஓடுகிறார்கள்? ஒவ்வொருவருக்கும் தாம் இதுவரை ஓடியவற்றுள் மிகக் குறைந்த நேரம் ஒன்று உண்டு. அதுவே அவருடைய சொந்தச் சாதனை. அதை ஒரு நிமிடமேனும் குறைக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய போட்டி.

இந்த எண்ணுக்கு மதிப்பு இருக்கவேண்டுமானால் சாலையின் அளவு சரியாக இருக்கவேண்டும். எனவே முறையான பந்தயப் பாதையைச் சக்கரத்தில் எண்ணி பொருத்திய மிதிவண்டியால், வளைவுகளில் மிகக் குறுகிய வழியை ஒட்டி அளக்கிறார்கள். பாதை தவறியும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். உலகச் சாதனையாக ஏற்க, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள நேர்த்தூரம் பந்தயத் தூரத்தில் பாதிக்கு மேல் இருக்கலாகாது. இல்லாவிட்டால் முதுகில் வீசும் காற்றே பாதி ஓட்டத்தை ஓடிக் கொடுத்துவிடும். 1981-இல் இங்கிலாந்தில் தொடங்கிய புகழ்பெற்ற ‘கிரேட் நார்த் ரன்’ நியூகாசில் நகரில் தொடங்கிக் கடற்கரை ஊரான சவுத் ஷீல்ட்ஸில் முடிகிறது. அங்கு எவ்வளவு வேகமாக ஓடினாலும் உலகச் சாதனையாகாது.

எரிபொருள் கணக்கு

ஓடும் மனிதன் ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆற்றலைச் செலவிடுகிறான். 60 கிலோ எடையுள்ளவருக்கு அரை மராத்தானுக்கு ஏறத்தாழ 1,270 கிலோகலோரி தேவை. நம் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்ட மாவுச்சத்து 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். அதன் மதிப்பு 1,600 முதல் 2,000 கிலோகலோரி. எனவே அரை மராத்தானுக்குக் கையிருப்பு போதும். முழு மராத்தானுக்கு 2,500-க்கு மேல் வேண்டும். அதனால்தான் அங்கே முப்பது கி.மீ.க்கு மேல் பலர் திடீரெனத் தளர்ந்து போகிறார்கள்.

அப்படியானால் அரை மராத்தானில் தளர்ச்சி ஏன் வருகிறது? கையிருப்பை எந்த வேகத்தில் எடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் உள்ளது. ஒரு குறிப்பிட்ட வேகம் வரை, தசையில் உண்டாகும் லாக்டேட்டை உடல் அவ்வப்போதே பயன்படுத்தித் தீர்த்துவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் அது தேங்குகிறது; தசையில் அமிலத்தன்மை கூடுகிறது; மூச்சு இரைக்கிறது; கால் கனக்கிறது. நன்கு பயின்றவர்களாலும் அந்த எல்லை வேகத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே நீடிக்க முடியும். இரண்டு மணி நேரம் ஓடவேண்டிய நம்மைப் போன்றவர்கள் அதற்குச் சற்றுக் கீழேயே நிற்கவேண்டும்.

வெப்பம் என்னும் எதிரி

செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகிவிடுகிறது. மேற்சொன்ன 60 கிலோ மனிதர் இரண்டு மணி நேரத்தில் ஓடி முடித்தால் உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ 950 கிலோகலோரி. அந்த வெப்பம் வெளியேறாவிட்டால் உடல் வெப்பநிலை ஆறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் ஏறிக்கொண்டே போகும்! நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவத்தால்தான்.

ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் பயனில்லை. ஈரக் காற்றில் கொடியில் போட்ட துணி காயாதது போலவே, கடற்கரை நகரத்தில் ஓடுபவன் உடலும் எளிதில் ஆறுவதில்லை. சென்னை மராத்தானைச் சனவரியில், விடியுமுன்னே தொடங்குவதன் காரணம் இதுவே.

நான் கற்ற பாடம்

முதலாமாண்டு படிக்கையில் சென்னையில் முதன்முறையாக அரை மராத்தான் ஓடினேன். இரண்டு மணி நேரத்தில் முடிக்க எண்ணம். அதற்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 வினாடி போதும். ஆனால் கடற்கரைச் சாலையின் விளக்கொளியும் கூட்டத்தின் ஆரவாரமும் என்னை இழுத்துச் சென்றன. முதல் ஐந்து கி.மீ.யை 26 நிமிடம் 15 வினாடியில் ஓடினேன். திட்டத்தைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சம் என்று மனத்துக்குள் மகிழ்ந்தேன். பதினான்காவது கி.மீ.யில் கால் கனத்தது. கடைசி ஐந்து கி.மீ.யில் பாதி நடை. மொத்தம் 2 மணி 9 நிமிடம். இரண்டு நிமிடத்தைச் சேமிக்கப் போய் ஒன்பது நிமிடத்தைத் தொலைத்தேன். சம்பளத்தை முதல் வாரத்திலேயே செலவழித்த குடும்பம் மாதக் கடைசியில் படும் பாடுதான் அது.

அடுத்த ஓராண்டு மாலைதோறும் மைதானத்தில் பயின்றேன். பெரும்பாலான நாள்களில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம். வாரம் ஒரு நாள் எல்லை வேகத்தில் இருபது நிமிடம். ஞாயிறு காலையில் ஒரு நீண்ட ஓட்டம், எட்டு கி.மீ.யில் தொடங்கிச் சிறுகச் சிறுக பதினெட்டு வரை. மெதுவான ஓட்டத்தால் இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைச் செலுத்தப் பழகுகிறது. தசையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இந்த மாற்றங்கள் ஒரு வாரத்தில் வருவன அல்ல, மாதங்கள் ஆகும்.

இவ்வாண்டு சனவரியில் மீண்டும் அதே நகரில் ஓடினேன். முதல் ஐந்து கி.மீ. 28 நிமிடம் 45 வினாடி. திட்டத்தைவிட மெதுவாகவே ஓடினேன். என்னை நூற்றுக்கணக்கானோர் முந்திச் சென்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து கி.மீ.தான் ஓட்டத்தின் கடினமான பகுதி! பதினைந்துக்குப் பின் அவர்களில் பலரை நான் கடந்தேன். முடித்த நேரம் 1 மணி 58 நிமிடம் 40 வினாடி.

முடிவுரை

மகாராட்டிர மாநிலம் பீட் மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த படைவீரர் அவினாஷ் சாப்ளே, 2020-இல் டெல்லி அரை மராத்தானை 1 மணி 0 நிமிடம் 30 வினாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். அந்தப் பந்தயத்தில் அவர் முதலிடம் பெறவில்லை. ஆயினும் 61 நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியர் ஆனார். எத்தியோப்பிய வீராங்கனை லெட்டெசென்பெட் கிடே, 2021-இல் வாலென்சியாவில் தாம் ஓடிய முதல் அரை மராத்தானிலேயே 1 மணி 2 நிமிடம் 52 வினாடி என்னும் உலகச் சாதனையைப் படைத்தார். அவர்களுக்கும் நமக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் கணக்கு ஒன்றே: ஆற்றலுக்கு ஓர் எல்லை, வெப்பத்துக்கு ஓர் எல்லை, இரண்டையும் கடைசி மீட்டர் வரை பங்கிட்டுக் கொடுக்கவேண்டும்.

என் வீட்டில் எனக்கு முன்னே கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லை. “அண்ணன் இப்படிப் படித்தான், அக்கா இத்தனை மதிப்பெண் வாங்கினாள்” என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. அது ஒரு குறை என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். எனக்கு முன்னே ஓடுபவன் ஒருவன் இருக்கிறான், அவன் சென்ற ஆண்டின் நான்தான் என்பதை அந்தச் சாலையில் அறிந்துகொண்டேன்.

நண்பர்களே, மாலையில் மைதானத்துக்கு வாருங்கள். முதல் நாள் நான்கு சுற்று போதும். மீதி நாற்பத்தெட்டே முக்காலுக்கு அவசரமில்லை.