நடுவே ஒரு வால்வு

சிடி பிளேயருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வால்வுப் பெட்டி ஒன்றை வைத்துக் கேட்டுப் பார்க்கும் ஆசை பலருக்கும் உண்டு. கடையில் இரண்டு வகை கிடைக்கும்: ப்ரீஆம்ப், பஃபர். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி வால்வுதான். ஆனால் வேலை வேறு.

ஹீட்டர் சூடேறினால் கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி வெற்றிடத்தைத் தாண்டிப் பிளேட்டை அடையும். இடையில் உள்ள கிரிட் என்ற கம்பிச்சுருளில் சிறிதளவு வோல்டேஜ் மாறினாலும் அந்த ஓட்டம் கூடிக் குறையும். இந்த மூன்றாவது உறுப்பை 1906இல் சேர்த்தவர் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட்.

ப்ரீஆம்ப் சிக்னலைப் பெருக்குகிறது. 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கத்திறன் 100, 12ஏயு7க்குச் சுமார் 20. ஆனால் சிடி பிளேயரே 2 வோல்ட் வரை தருகிறது. பல ஆம்ப்ளிஃபயர்களுக்கு அதுவே தாராளம். அதற்கு மேலும் பெருக்கினால் வால்யூமைக் கொஞ்சம் திருப்பும்போதே வீடு அதிரும், பின்னணி இரைச்சலும் தலைகாட்டும். சிடி மட்டும் கேட்பவருக்கு அதிகப் பெருக்கம் உபத்திரவம் என்றே சொல்வேன்.

பஃபரில் சிக்னலைப் பிளேட்டிலிருந்து எடுக்காமல் கேத்தோடிலிருந்து எடுக்கிறார்கள். வோல்டேஜ் கூடாது, ஒரு துளி குறையவும் செய்யும். பிறகு எதற்கு அது? முன்னால் இருக்கும் கருவிக்குப் பாரம் தராமல், பின்னால் இருக்கும் கேபிளைச் சில நூறு ஓம் மின்மறுப்பிலேயே இயக்கத்தான். 50 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் மட்டும் வைத்து, பத்து மீட்டர் கேபிள் ஓட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்றால் மொத்தம் 1,000. கன்ட்ரோலின் மோசமான நிலையில் 12.5 கிலோ ஓம் குறுக்கே நிற்கும். 13,000 ஹெர்ட்ஸை நெருங்கும்போதே ஒலி 3 டெசிபல் விழுந்துவிடும். ஜால்ராவின் மினுமினுப்பு போய்விடும். அங்கே பஃபர் வைத்தால் பலன் காதுக்கே தெரியும். ஒரு மீட்டர் கேபிள் உள்ள வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

அப்படியானால் ‘வால்வு இனிமை’ எங்கிருந்து வருகிறது? ட்ரையோடு எனப்படும் இந்த மூன்று உறுப்பு வால்வு சேர்க்கும் சிதைவில் இரண்டாம் ஹார்மானிக்தான் முதன்மை. அதாவது, ஆதார சட்ஜத்தோடு மேல் சட்ஜமும் மெலிதாகச் சேர்கிறது. சுருதி பிசகாத சேர்க்கை என்பதால் குரல் கனத்து ஒலிக்கிறது. முறையாக வடிவமைத்த பஃபரில் இதுவும் மிகக் குறைவு. பிளேட்டுக்குப் போதிய வோல்டேஜ் தராத மலிவுப் பெட்டிகளில்தான் அதிகம். அந்தச் சாயல் பிடித்திருந்தால் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

சோதிக்கும்போது ஒலியளவைக் கட்டாயம் சமப்படுத்த வேண்டும். கொஞ்சம் உரக்கக் கேட்பதே நல்லதாகப் படும் என்பது காதின் இயல்பு. 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை மெதுவாக ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்து, பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு சதவீதத்துக்குள் ஒரே அளவு வரச் செய்யுங்கள். பிறகு வேறொருவர் மாற்றிவிட, எது எதுவென்று தெரியாமல் கேளுங்கள்.

வால்வையும் பார்த்துவிடுங்கள். பென்சிலால் கண்ணாடியை மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணியோசை கணீரென்று கேட்கக்கூடாது. உச்சியில் கண்ணாடி போல் மின்னும் பூச்சு பேரியம். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு இனி உதவாது. மூடியை மட்டும் திறக்காதீர்கள்: சில பெட்டிகளில் 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும், சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும்.