பிரிந்த அப்பா–அம்மாவைச் சேர்த்து வைத்த இரட்டைச் சிறுமிகள்! ஜெர்மனியில் பிறந்து கோடம்பாக்கம் வந்த குடும்பப் படத்தின் பூர்வீகம்

(நமது நிருபர்)

குழந்தை குட்டிகளோடு குடும்பமாகப் போய்ப் பார்க்கிற படம் என்றால், உலகம் பூரா முதலில் சொல்லும் பெயர் வால்ட் டிஸ்னி கம்பெனிதான்.

அந்தக் கம்பெனி 2024 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் உள்ள அனாஹிம் நகரில் ரசிகர்களைக் கூட்டி வைத்து, "அடுத்து வரப்போகும் படங்கள்" என்று ஒரு பட்டியல் படித்தது.

அதில் என்ன இருந்தது?

"டாய் ஸ்டோரி" 5–ம் பாகம். "புரோசன்" 3–ம் பாகம். "இன்கிரெடிபிள்ஸ்" 3–ம் பாகம். "ஜூடோபியா" 2–ம் பாகம். முன்பு கார்ட்டூனாக வந்த "லிலோ அண்ட் ஸ்டிச்"சை நிஜ ஆட்களை வைத்து மறுபடியும் எடுத்த படம். 2003–ல் வந்த "பிரீக்கி பிரைடே"க்கு ஒரு தொடர்ச்சி. அந்த 2003 படமே 1976–ல் வந்த படத்தின் மறுபதிப்பு!

புதுக்கதையும் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்தது. ஆனால் பட்டியலைத் தூக்கி நிறுத்தியது பழசுதான்.

"சரக்கு தீர்ந்து போச்சா?" என்று கேலி பேசுவது சுலபம். திருட்டு கேசு எழுதிப் பழகின எனக்கு வேறு ஒன்று தோன்றியது. ஒரு பொருள் பழசு என்றால் போலீஸ் ஸ்டேஷனில் என்ன கேட்பார்கள்? "இது யாருடையது? யார் யார் கை மாறி இங்கே வந்தது?" என்றுதான் கேட்பார்கள்.

சரி, அந்தக் கம்பெனியின் பழைய படம் ஒன்றை எடுத்துத் துப்பு துலக்கிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். கை மாறிய வழியில் நம்ம கோடம்பாக்கமும் வந்தது!

ஒரே பெண், இரண்டு வேஷம்

படத்தின் பெயர் "தி பேரண்ட் டிராப்". 1961–ல் வந்தது.

விடுமுறை முகாமுக்குப் போன இடத்தில் இரண்டு சிறுமிகள் சந்திக்கிறார்கள். அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம்! முதலில் சண்டை. பிறகு பேசிப் பார்த்தால், இரண்டு பேரும் கூடப்பிறந்த இரட்டையர். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் விவாகரத்து செய்து, ஆளுக்கு ஒரு குழந்தையைப் பங்கு போட்டுக் கொண்டு போய்விட்டார்கள். ஒருத்தி பாஸ்டன் நகரத்தில் அம்மாவோடு. இன்னொருத்தி கலிபோர்னியா பண்ணையில் அப்பாவோடு.

"நீ என் வீட்டுக்குப் போ, நான் உன் வீட்டுக்குப் போகிறேன்" என்று ஆள் மாறாட்டம் செய்து, கடைசியில் பெற்றோரைச் சேர்த்து வைக்கிறார்கள்.

இரண்டு வேஷத்திலும் நடித்தவர் ஹேலி மில்ஸ். படம் எடுக்கும்போது அவருக்கு வயது 14. பிரபல இங்கிலாந்து நடிகர் ஜான் மில்ஸின் மகள். டைரக்டர் டேவிட் ஸ்விப்ட்.

இப்போது கம்ப்யூட்டரில் நொடியில் செய்து விடுவார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. ஒரு பக்கம் நின்று நடிக்க வேண்டும். பிறகு உடை மாற்றி, தலை மாற்றி, மறு பக்கம் வந்து, இல்லாத ஆளைப் பார்த்துப் பேச வேண்டும். அந்த இரண்டையும் பிலிமில் ஒட்டுவார்கள். முதுகு மட்டும் தெரியும் இடங்களுக்கு வேறு ஒரு பெண்ணை நிற்க வைத்தார்கள். இந்த ட்ரிக் காட்சிகளைக் கொஞ்சமாகத்தான் வைப்பதாக முதலில் திட்டம். முதலாளி டிஸ்னி பார்த்துவிட்டு "இன்னும் எடு" என்று சொல்லிவிட்டாராம்.

ஏவி.எம். எடுத்தது

நாலு வருஷம் கழித்து, 1965. இடம்: கோடம்பாக்கம்.

ஏவி.எம். நிறுவனம் "குழந்தையும் தெய்வமும்" படத்தை வெளியிட்டது. எழுதியவர் ஜாவர் சீதாராமன். டைரக்டர்கள் கிருஷ்ணன்–பஞ்சு; "பராசக்தி"யை எடுத்த அதே இரட்டையர்கள். கதாநாயகன் ஜெய்சங்கர். அவர் சினிமாவுக்கு வந்த முதல் வருஷம் அது. அம்மாவாக ஜமுனா. இரட்டைச் சிறுமிகளாக, இரண்டு வேஷத்திலும், குட்டி பத்மினி.

படம் நன்றாக ஓடியது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று மத்திய அரசின் விருதும் கிடைத்தது. மறு வருஷம் இதே கதையைத் தெலுங்கில் "லேத மனசுலு" என்று எடுத்தார்கள். 1968–ல் இந்தியில் "தோ கலியான்". அதில் இரட்டைச் சிறுமியாக வந்த "பேபி சோனியா" யார் தெரியுமா? பின்னாளில் இந்திப் பட உலகைக் கலக்கிய நீத்து சிங்!

தமிழில் ஒரு முக்கியமான இடத்தை மாற்றினார்கள். டிஸ்னி படத்தில் வில்லி, அப்பாவைக் கட்டிக்கொள்ள வரும் பணத்தாசை பிடித்த பெண். நம்ம ஊர்ப் படத்தில் குடும்பத்தைக் கெடுப்பது பெண்ணைப் பெற்ற அம்மா. ஜி.வரலட்சுமி வெளுத்துக் கட்டினார். 1955–லேயே இந்து திருமணச் சட்டம் வந்து விவாகரத்துக்கு வழி பிறந்து விட்டதுதான். ஆனாலும் தியேட்டரில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கு விவாகரத்து எங்கோ இருக்கிற சங்கதி. மாமியார் வீட்டுத் தகராறு அப்படியா? அது அடுத்த வீட்டு விஷயம்! இதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். ஏவி.எம். தன் ஜனங்களைத் தெரிந்து வைத்திருந்தது.

சரி, டிஸ்னி கைக்கு இந்தக் கதை எப்படி வந்தது? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

தன் புத்தகம் எரிவதைக் கூட்டத்தில் நின்று பார்த்தவர்

கதையை எழுதியவர் பெயர் எரிக் கெஸ்ட்னர். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் 1899–ல் பிறந்தவர். பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தவர். நம்ம ஆள்!

1929–ல் இவர் எழுதிய "எமிலும் துப்பறிவாளர்களும்" என்ற புத்தகம் ஊரைக் கலக்கியது. ரெயிலில் ஒரு பையனின் பணம் திருட்டுப் போகிறது. பெர்லின் தெருப் பையன்கள் ஒன்று சேர்ந்து திருடனை வளைத்துப் பிடிக்கிறார்கள். பெரியவர்கள் யாரும் கூட இல்லை. (இதையும் டிஸ்னி 1964–ல் படமாக்கியது.)

1933–ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மே 10–ந் தேதி ராத்திரி, பெர்லினில் பல்கலைக்கழகத்துக்கு எதிரில் உள்ள மைதானத்தில் "ஜெர்மனிக்கு ஆகாத" புத்தகங்களைக் குவித்து நெருப்பு வைத்தார்கள். எரிந்தவற்றில் கெஸ்ட்னர் புத்தகங்களும் உண்டு.

கெஸ்ட்னர் எங்கே ஓடி ஒளிந்தார்? ஓடவில்லை. அந்தக் கூட்டத்திலேயே நின்று, தன் பெயரைக் கூவித் தன் புத்தகத்தை நெருப்பில் போடுவதைப் பார்த்துக் கொண்டிருந்தார்! ஒரு பெண் அடையாளம் கண்டு கூச்சல் போட்டதும் மெதுவாக நழுவினார்.

கூட எழுதியவர்கள் பல பேர் வெளிநாடு போய்விட்டார்கள். இவர் போகவில்லை. ரகசிய போலீசான கெஸ்டபோ இரண்டு தடவை பிடித்துக் கொண்டு போய் விசாரித்தது.

1942–ல் ஒரு விசித்திரம் நடந்தது. உபா என்ற பெரிய ஸ்டூடியோவின் 25–வது ஆண்டு விழாப் படமான "மன்சாசன்" படத்துக்குக் கதை வசனம் எழுத ஆள் தேவைப்பட்டது. தடை போட்ட அரசாங்கமே இவருக்கு விசேஷ அனுமதி கொடுத்தது. ஆனால் சொந்தப் பெயரில் எழுதக்கூடாது. வேறு பெயரில் எழுதினார். அந்தக் கொஞ்ச நாளில்தான் இரட்டைச் சிறுமிகள் கதையையும் சினிமாவுக்காக எழுதி வைத்தார். அது படமாவதற்குள் மறுபடியும் தடை! இந்தத் தடவை எதுவுமே எழுதக்கூடாது என்று முழுத் தடை.

1944–ல் குண்டு விழுந்து அவர் வீடு சாம்பல் ஆனது. 1945–ல் சண்டை முடிந்தது. 1949–ல் அந்தக் கதை புத்தகமாக வந்தது.

காட்டிக் கொடுத்தது பத்திரிகை போட்டோ

புத்தகத்தில் லூயிசே வியன்னாவில் அப்பாவோடு இருக்கிறாள். சுருட்டை முடி. அப்பா சங்கீதக்காரர். லாட்டே மியூனிச்சில் அம்மாவோடு இருக்கிறாள். இரட்டைப் பின்னல். ஒன்பது வயதிலேயே சமையல், வீட்டுக் கணக்கு எல்லாம் அவள்தான். அம்மா வேலைக்குப் போகிறவள் இல்லையா?

என்ன வேலை? ஒரு படப் பத்திரிகை ஆபீசில் போட்டோக்களைப் பார்த்துப் பொறுக்கும் வேலை! ஒருநாள் வெளியூர் போட்டோகிராபர் அனுப்பிய கட்டில் ஒரு படம். விடுமுறை விடுதியில் சிரித்துக் கொண்டு நிற்கும் ஒரே மாதிரியான இரண்டு சிறுமிகள். தன் மகள் பக்கத்தில், பல வருஷமாகக் கண்ணால் காணாத இன்னொரு மகள். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஆபீஸ் போட்டோ மேஜைதான் ஞாபகம் வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முகத்தைத் தள்ளி விடுகிறோம்!

சினிமாக்காரர்கள் சிரிப்புக்காகத் தள்ளிவிட்ட இடம் ஒன்று உண்டு. புத்தகத்தில், அப்பா வேறு பெண்ணைக் கட்டப் போகிறார் என்று தெரிந்ததும், மாறுவேஷத்தில் அங்கே இருக்கும் லாட்டே போராடிப் பார்க்கிறாள். முடியவில்லை. கடும் ஜுரம் வந்து படுத்து விடுகிறாள். வேறு நோய் ஒன்றும் இல்லை, மனக்கஷ்டம்தான். டிஸ்னி படத்தில் இந்த ஜுரம் கிடையாது. பதிலாகக் காட்டுக்குப் போய்க் கூடாரம் போட்டு, வில்லியை அலற வைக்கும் காமெடி. பார்க்க ஜாலிதான். ஆனால் ஜுரம் போனது போனதுதான்.

"குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியலாமா?"

போன வருஷம் ஒரு கேசு விஷயமாக ஐகோர்ட்டு வளாகத்தில் இருக்கும் குடும்பநல கோர்ட்டுக்குப் போயிருந்தேன். தாழ்வாரத்தில் ஒரு பக்கம் ஒரு பாட்டியோடு பத்து வயசு இருக்கும் ஒரு பெண். எதிர்ப்பக்கம் அப்பாவோடு அவள் தம்பி. பெரியவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

பையன் மெதுவாக நகர்ந்து வந்தான். கையில் இருந்த முறுக்கில் பாதியை உடைத்து அக்காவிடம் கொடுத்தான்.

"அக்கா, நம்ம வீட்டு ரோசி குட்டி போட்டிருக்கு. நாலு."

"என்ன கலர்?"

பதில் சொல்வதற்குள் டவாலி பெயரைக் கூப்பிட்டு விட்டார். இரண்டு பேரையும் இரண்டு பக்கமாக இழுத்துக் கொண்டு போனார்கள்.

1949–ல் கெஸ்ட்னர் புத்தகம் எழுதியபோது, "விவாகரத்தைப் பற்றியெல்லாம் குழந்தைகள் புத்தகத்தில் எழுதலாமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். கதையை நடுவில் நிறுத்தி அவரே பதில் சொல்லி விடுகிறார். அதற்கு அவர் எடுத்துக் கொண்ட உதாரணம், சின்ன வயதிலேயே உலகப் புகழ் பெற்ற நடிகை ஷெர்லி டெம்பிள். தான் நடித்த படத்தைப் பார்க்கப் போனால், "உனக்கு வயசு பத்தாது" என்று உள்ளே விடவில்லையாம்! படத்தில் நடிக்க வயசு பத்தும், பார்க்கப் பத்தாது. அதே போலத்தான் இதுவும் என்கிறார். பெற்றோர் பிரிந்ததால் கஷ்டப்படும் குழந்தைகளும் இருக்கிறார்கள், பிரியாததால் கஷ்டப்படும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களிடமே மறைத்து என்ன பயன் என்பது அவர் கட்சி.

பிரியாததால் படும் கஷ்டம்! இதை எந்த ஸ்டூடியோவும் படத்தில் வைக்கவில்லை. ஹாலிவுட்டும் வைக்கவில்லை, கோடம்பாக்கமும் வைக்கவில்லை.

ஊர் சுற்றிய கதை

ஜெர்மனியில் 1950–லேயே படம் எடுத்து விட்டார்கள். ட்ரிக் எதுவும் இல்லை. நிஜ இரட்டைச் சிறுமிகளையே பிடித்து நடிக்க வைத்தார்கள். கதை சொல்லும் குரல் கெஸ்ட்னருடையது. பெயர் போட்டுக் கொள்ளக்கூட அனுமதி இல்லாதிருந்தவரின் குரல்! மறு வருஷம் அந்தப் படத்துக்கு அரசாங்கப் பரிசும் கிடைத்தது.

1951–ல் ஜப்பான். அங்கே இரட்டை வேஷம் போட்டவர் பாட்டுக்காரச் சிறுமி மிசோரா ஹிபாரி. 1953–ல் இங்கிலாந்து. பிறகுதான் 1961–ல் டிஸ்னி. அதற்கப்புறம் சென்னை, பம்பாய். 1994–லும் 2017–லும் மறுபடியும் ஜெர்மனி. 1998–ல் டிஸ்னியே திரும்ப எடுத்தது. அதில் லிண்ட்சே லோகன் என்ற சிறுமி இரண்டு வேஷத்திலும் நடித்தார். அதுதான் அவருக்கு முதல் சினிமா. 2001–ல் இந்தியில் கஜோலை இரட்டை வேஷத்தில் போட்டு இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார்கள்.

கெஸ்ட்னர் 1974–ல் மியூனிச்சில் இறந்தார்.

நடுவில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1986–ல் டிஸ்னி கம்பெனி தன் டெலிவிஷனுக்காக இரண்டாம் பாகம் எடுத்தது. அதே ஹேலி மில்ஸ்தான். 25 வருஷத்துக்கு முன்னால் அப்பா அம்மாவைச் சேர்த்து வைத்த அதே சிறுமி, இப்போது வளர்ந்து, கல்யாணம் ஆகி, விவாகரத்தும் ஆகி, ஒரு மகளோடு தனியாக இருக்கிறாள். அம்மாவுக்கு மறுபடியும் ஜோடி சேர்த்து வைக்க ரகசியத் திட்டம் போடுவது, அந்த மகள்!