பசித்தால் வித்தாகும் ஈஸ்ட்

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில் உள்ள நெல்லிக்குப்பம் கரும்பாலையில், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸை எரிசாராயமாக மாற்றுவது ஈஸ்ட். சர்க்கரை கிடைக்கும்வரை மொட்டு விட்டுப் பெருகிக்கொண்டே இருக்கும். சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் இதே சாக்கரோமைசிஸ் ஈஸ்ட்டை அலையாத்தி மண்ணிலிருந்தும் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அந்த மண்ணில் சர்க்கரை ஊற்ற ஆளில்லை. இரை தீர்ந்தால் ஈஸ்ட் என்ன செய்யும்?

வித்தாகும். ஒரு செல்லுக்குள் குன்றல் பகுப்பு நடந்து நான்கு வித்துகள் உருவாகும். ஒவ்வொன்றையும் சுற்றி நான்கு அடுக்குச் சுவர். வெளி அடுக்கில் இருக்கும் டைடைரோசின், புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். வெப்பமும் வறட்சியும் சாதாரணச் செல்லைக் கொல்லும் இடத்தில் வித்து பிழைத்துக் கிடக்கும்.

எனக்கு இதில் பெரிய வியப்பு, அந்த முடிவை ஈஸ்ட் எடுக்கும் விதம்தான். ஐஎம்இ1 என்ற மரபணு விழித்தால்தான் வித்தாக்கம் தொடங்கும். அதை அடக்கி வைப்பது ஆர்எம்இ1. இரண்டு பாலினங்களின் குரோமோசோம்களும் சேர்ந்த செல்லில் மட்டுமே அந்தத் தடை விலகும். ஒற்றைத் தொகுதி உள்ள செல் குன்றல் பகுப்பில் இறங்கினால் செத்துப்போகும். தடை விலகினாலும் போதாது. நைட்ரஜனும் குளுக்கோஸும் தீர்ந்திருக்க வேண்டும். பாதி வழியில் உணவு கொடுத்தால் செல் மறுபடி மொட்டு விடப் போய்விடும். ஆனால் என்டிடி80 மரபணு முழுதாக இயங்கத் தொடங்கிவிட்டால், பிறகு விருந்தே வைத்தாலும் திரும்பாது.

எல்லா ஈஸ்ட்டும் இதில் ஒன்றுபோல் இல்லை. எஸ்கே1 என்ற ஆய்வக வகையில் பெரும்பாலான செல்கள் வித்தாகும். எஸ்288சி வகையில் மிகச் சிலவே. இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு மூன்று மரபணுக்களில் உள்ள ஓரெழுத்து மாற்றங்களுக்கு உரியது என்று 2005இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆர்எம்இ1 அவற்றில் ஒன்று, டிஏஓ3 இன்னொன்று. முன்பு மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் பிறகு சென்னை ஐஐடியிலும் ஹிமான்ஷு சின்ஹாவின் குழு டிஏஓ3ஐத் தொடர்ந்து ஆராய்ந்தது. சாதாரணச் செல் பிரிவுக்கு உதவும் மரபணு என்றே அறியப்பட்டது அது. அதன் அரிய வடிவம் ஒன்று, பட்டினி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் செல்லின் வளர்சிதை மாற்றத்தைத் திருப்பி வித்தாக்கத்துக்கு வழிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். வழக்கமான ஆய்வக ஈஸ்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வேலை கண்ணில் பட்டிருக்காது.