இயங்குதள மேம்படுத்தலும் கோப்புரிமைச் சிக்கலும்: லினக்ஸ் பயனர் எண்ணை முன்வைத்து

முன்னுரை

லினக்ஸ் இயங்குதளம் கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அன்றி எண்ணாலேயே பதிவு செய்கிறது. அவ்வெண்ணைப் பெயரோடு இணைப்பது தனியொரு பயனர் பட்டியல். இவ்விணைப்பு பிறழ்வதால் எழும் சிக்கலையும் அதன் தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சிக்கல்

2014இல் வெளியான ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7, பொதுப்பயனர்களின் தொடக்க எண்ணை 500இலிருந்து 1000ஆக மாற்றியது. புதிதாக நிறுவிய கணினியில் அதே பெயரில் பயனரை உருவாக்கினும், பழைய வட்டின் கோப்புகள் 500 என்னும் எண்ணுக்கே உரியனவாக நிற்கும். உரிமையாளர் பெயரிருக்கும் இடத்தில் வெற்று எண் தோன்றுவது இதன் அடையாளமாகும்.

தீர்வு

‘சிஹெச்மாட் 777’ கட்டளையால் அனைவருக்கும் அனுமதி அளிப்பது தீர்வாகாது. கணினியைப் பகிரும் எவரும் பிறர் தரவைத் திருத்த இயலும்; ஒவ்வொரு கோப்புக்கும் முன்பிருந்த அனுமதி நிலையும் மீட்க இயலாதவாறு அழியும். ‘ஃபைண்ட்’ கட்டளையால் 500ஆம் எண்ணுக்குரிய கோப்புகளை மட்டும் தேர்ந்து, ‘சௌன்’ கட்டளையால் உரிமையாளரை மாற்றுவதே முறை. குழு எண்ணையும் அவ்வாறே திருத்த வேண்டும்.

முடிவுரை

இங்குப் பிறழ்ந்தது உரிமையே, அனுமதி அன்று. எனவே திருத்தமும் உரிமையளவில் நிற்றல் வேண்டும். மேம்படுத்தலுக்கு முன்னரே பயனர் எண் பட்டியலைப் படியெடுத்து வைத்தல், பல்லாண்டு ஆய்வுத் தரவுகளைக் காக்கும் எளிய வழியாகும்.