வானியல் கற்க விழையும் நம் பிள்ளைகள்

"வானத்தைப் படித்தால் வயிறு நிரம்புமா?" என்று கேட்கும் பெற்றோரை நாம் குறை கூறுவதற்கில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியிலே மழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கும் ஒரு குடும்பம், பட்டம் பெற்ற மகனோ மகளோ இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் படிக்கப் போவதாகச் சொல்லும்போது கலங்குவது இயல்பே. ஆயினும் அக்கலக்கத்தின் பெரும்பகுதி வழி தெரியாமையால் வருவது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது வானியல் என்று பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மையில், நுழைவுத் தேர்வில் தேறி ஆராய்ச்சிக்குச் சேர்ந்த மாணவருக்கு அரசே மாதந்தோறும் பணம் கொடுத்துப் படிக்க வைக்கும் துறைகளுள் இதுவும் ஒன்று.

(முதலிலேயே ஒன்று சொல்லி விடுகிறோம். வானியல் வேறு, சோதிடம் வேறு. வானியல் பயிலும் பிள்ளையிடம் சாதகக் கட்டத்தை நீட்டிப் பலன் கேட்போர் இன்றும் உளர்!)

இக்கல்வி நம் மண்ணுக்குப் புதியதன்று. சியாம் நாட்டிலிருந்து வந்து புதுச்சேரியில் தங்கிய ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு சேசு சபைக் குருவானவர், 1689ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு வால்மீனைத் தொலைநோக்கியால் கவனித்துக் கொண்டிருந்தார். அப்போது ஆல்பா சென்டாரி என்ற ஒளிமிக்க விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டறிந்தார். மே மாத இரவுகளில் நம் வயல்வெளியில் நின்று தென்திசையை நோக்கினால், அடிவானுக்குச் சற்று மேலே அதனை நாமும் காணலாம். பின்னர் சென்னையில் வானாய்வகம் எழுந்தது. 1899இல் கொடைக்கானலில் கதிரவனை ஆராயும் நிலையம் தொடங்கிற்று. உதகையில் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கி 1970 முதல் இயங்குகின்றது. சவ்வாது மலையில் காவலூர் என்னுமிடத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி 1986 சனவரியில் திறந்து வைக்கப்பெற்று, அதற்காக உழைத்து மறைந்த வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதே காவலூரிலிருந்து 1988இல் இராசமோகன் என்ற அறிஞர் கண்டுபிடித்த சிறுகோளுக்கு, குடந்தையில் படித்து வளர்ந்த கணித மேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பெற்றது.

இனி வழியைக் கூறுவோம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் வானியல் பட்டப்படிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. வேண்டுவது இயற்பியலும் கணிதமும். திருச்சி தூய வளனார் கல்லூரியிலோ, அருகிலுள்ள அரசுக் கல்லூரியிலோ இயற்பியலை ஊன்றிக் கற்ற மாணவர் எதையும் இழந்தவராகார். நோபெல் பரிசு பெற்ற சந்திரசேகரும் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றே 1930இல் கேம்பிரிட்சு சென்றார். இத்துடன் கணிப்பொறிக்கு நிரல் எழுதவும் பழக வேண்டும். இன்றைய வானியலர் தொலைநோக்கியருகே இருக்கும் நேரம் குறைவு. கணிப்பொறிமுன் அமர்ந்திருக்கும் நேரமே மிகுதி.

பட்டமேற்படிப்புக்குச் செல்வோர்க்கு 'ஜாம்' என்னும் நுழைவுத் தேர்வு முக்கியமானது. இதில் தேறினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. இயற்பியல் கற்கலாம், இந்தூர் ஐ.ஐ.டி.யில் வானியலிலேயே எம்.எஸ்சி. உண்டு. ஐதராபாத் உசுமானியாப் பல்கலைக்கழகத்திலும் வானியல் துறை நெடுங்காலமாக இயங்கி வருகின்றது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இளநிலைப் பட்டத்துக்குப் பின் எம்.எஸ்சி.யையும் முனைவர் பட்டத்தையும் சேர்த்தே பெறும் படிப்பு இருக்கின்றது. நேரே ஆராய்ச்சிக்குச் செல்ல எண்ணும் எம்.எஸ்சி. மாணவர், 'ஜெஸ்ட்' என்ற தேர்வை எழுத வேண்டும். காவலூரையும் கொடைக்கானலையும் நடத்தும் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம், அவ்வூரிலேயே உள்ள இராமன் ஆய்வு நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் ஆகியவை இத்தேர்வின் வழியாக மாணவரை அழைத்து நேர்காணல் நடத்துகின்றன. பூனாவில் உள்ள அயூக்கா மையமும் ஆராய்ச்சி மாணவரைச் சேர்க்கின்றது.

பணத்தைப் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியது இது: 2023 சனவரி முதல் நடுவண் அரசு வகுத்தபடி, இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாயும் உதவித் தொகை. விடுதி வசதியோ வீட்டு வாடகைப் படியோ தனி. ஆகவே நிலத்தை அடகு வைத்து இப்படிப்புக்கு அனுப்ப வேண்டிய தேவையில்லை. விண்வெளிக் கல்வி என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்கும் இடங்களைக் கண்டால், எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது என்று முதலில் கேளுங்கள்.

மறுபக்கத்தையும் மறைக்க மாட்டோம். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். அதன்பின் அயல்நாட்டிலோ இங்கோ சில ஆண்டுகள் தற்காலிகப் பணி. நிலையான வேலை கிடைக்கும்போது முப்பது வயது கடந்திருக்கும். இடங்களும் மிகச் சில. கடன் சுமையும் தம்பி தங்கையர் பொறுப்பும் உள்ள பிள்ளை இதனை முன்கூட்டியே அறிந்து, வீட்டாருடன் மனம்விட்டுப் பேசித் தீர்மானிப்பதே நல்லது. ஆராய்ச்சியில் இடம் கிட்டாதோர் கல்லூரி ஆசிரியராகவும், கணிப்பொறித் துறையில் தரவு ஆய்வோராகவும் வாழ்கின்றனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். 2023 செப்டம்பரில் கதிரவனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர், செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி, பொறியியல் படித்தவர். பொறியியல் வழியாகவும் இத்துறைக்கு வரலாம் என்பதற்கு அவரே சான்று. அதற்கும் நெடுநாள் முன்னர், உலக நாடுகளின் வானாய்வகங்கள் கூடி விண்மீன் அட்டவணை ஒன்றைத் தயாரித்தபோது, வத்திக்கான் வானாய்வகத்தின் பங்கை நிறைவேற்றியவர்கள் நான்கு கன்னியர். 1910 முதல் 1921 வரை நிழற்படத் தகடுகளைப் பார்த்து, ஏறத்தாழ 4,81,000 விண்மீன்களின் இடத்தை அளந்து குறித்தனர். அவர்தம் பெயர்கள் வெளியுலகுக்குத் தெரிய ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அதே அட்டவணையில் ஐதராபாத் நிசாமியா வானாய்வகமும் பங்கு கொண்டது.

அந்த வத்திக்கான் வானாய்வகத்துக்கு இன்று இயக்குநராக இருப்பவர் ஓர் இந்தியர். கோவாவின் சேசு சபைக் குருவானவர் ரிச்சர்டு டிசூசா, திருத்தந்தை பதினான்காம் லியோவால் நியமிக்கப்பெற்று 2025 செப்டம்பரில் பொறுப்பேற்றார். செருமனியில் வானியற்பியல் பயின்றவர் அவர். 1986 முதல், பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை, உரோமைக்கு அருகே காஸ்தல் கந்தோல்போவில் இவ்வானாய்வகம் நான்கு வாரக் கோடைப் பள்ளி நடத்துகின்றது. பல நாடுகளிலிருந்தும் இருபத்தைந்து மாணவரளவில் தேர்வு செய்கின்றனர், கல்விக் கட்டணம் இல்லை, எச்சமயத்தவரும் விண்ணப்பிக்கலாம். உரோமை தொலைவு எனில், கொடைக்கானலில் இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்தும் கோடைக்கால இயற்பியல் பள்ளிக்குக் கல்லூரி மாணவர் முயலலாம்.

ஜாம் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் நடைபெறுகின்றது. ஆனால் ஜாம் தேர்வுக்கான விண்ணப்பம் முந்தைய செப்டம்பரிலேயே தொடங்கி விடும். இறுதியாண்டு மாணவர் இருக்கும் வீட்டார் அம்மாதத்தைக் குறித்து வைத்துக் கொள்க.