எல்லோருக்கும் ஒரே கையுறை

ரமணாசிரமப் பகுதியிலும் செங்கம் சாலையை ஒட்டிய கிராமங்களிலும் பணிபுரியும் சுகாதாரச் செவிலியர்களுக்கு நாம் முதலில் கூற விரும்புவது, முகத்தைப் பார்த்து எச்.ஐ.வி. கிருமியை அறிய இயலாது என்பதே. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் இதனை முதன்முதலாகக் கண்டறிந்ததும் இரத்தப் பரிசோதனையின் வாயிலாகத்தான். ஒரு மாதத்திற்கு மேற்பட்ட காய்ச்சல், ஓயாத வயிற்றுப்போக்கு, காரணமற்ற மெலிவு, காசநோய் ஆகியன ஐயத்தை எழுப்பலாம். அப்பொழுது நோயாளியின் சம்மதம் பெற்று, அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்திற்கு அனுப்புதல் வேண்டும். காலத்தே கண்டறிந்தால் கூட்டு மருந்தின் துணையால் நெடுநாள் வாழலாம்.

ஒருவருக்கு மட்டும் இரட்டைக் கையுறை, அவர் கட்டிலுக்கு மட்டும் தனி அடையாளம் என்றால், வாய் திறவாமலே ஊருக்குச் சொல்லிவிட்டோம் என்று பொருள். தொடுவதால் இந்நோய் பரவாது. இரத்தத்தைக் கையாளும்போது, அது யாருடையதாயினும், கையுறை அணிவதே முறை. தவறி ஊசி குத்தினால் 72 மணி நேரத்திற்குள், கூடுமானவரை உடனடியாகவே, தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். இதை அறிந்த ஊழியருக்கு அச்சம் பாதியாகக் குறையும் என்பது நம் எண்ணம். நோயாளிக்குச் சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கிரிவலப் பாதையில் தங்கும் சாதுவுக்கும் அது பொருந்தும். கையுறை இருப்புக் குறைந்தால், தீரும்வரை காத்திராமல், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு எழுதிப் பெற்றுக்கொள்க.