வேர் இல்லாத குச்சி மரமாகிறது!

கோடை தொடங்கும் நாட்களில் தாதர் மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். சின்னக் கூடைகளில் இலை பரப்பி, ஊதா நிறப் பழங்களை அடுக்கி வைத்து, "அஞ்சீர், அஞ்சீர்" என்று கூவி விற்பார்கள்.

நம் ஊர் ஆற்றங்கரையில் நிற்கும் அத்தி மரத்துக்கு இது பங்காளி முறை. ஆனால் அது வேறு, இது வேறு. இதைச் சீமை அத்தி என்பார்கள். ஆற்றங்கரை அத்தியைப் பிட்டால் உள்ளே பூச்சி இருக்கும். புனே அஞ்சீரைப் பிட்டால் தேன் போன்ற சதைதான் இருக்கும்.

புனேக்குப் பக்கத்தில் சாஸ்வட் என்று ஓர் ஊர். அது புரந்தர் தாலுகாவைச் சேர்ந்தது. மும்பைக்கு வரும் அஞ்சீரில் பெரும் பங்கு அந்த வட்டாரத்தில் விளைவதுதான். 2016-ம் ஆண்டு 'புரந்தர் அஞ்சீர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அங்குள்ள தோட்டங்களில் ஒரு விசேஷம். ஒரு மரம் கூட விதையில் முளைத்தது அல்ல. எல்லாம் வேறொரு மரத்திலிருந்து வெட்டிய குச்சியில் வந்தவை!

வாரிசு இல்லாத மரம்

அஞ்சீரைக் கடித்தால் பல்லில் நறநறவென்று விதை படுகிறதே, அது முளைக்காதா?

முளைக்காது. அத்தி இனத்தில் பூ வெளியே பூப்பதில்லை. நாம் காய் என்று நினைக்கும் உருண்டைக்கு உள்ளேதான் பூக்கள் இருக்கின்றன. ஒரு சிறு குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்தால்தான் விதை பிடிக்கும். ஆற்றங்கரை அத்தியில் நாம் காணும் பூச்சியின் கதை இதுதான். புனே அஞ்சீருக்குக் குளவி வேண்டாம். மகரந்தம் சேராமலே பழம் பழுத்துவிடும். அதனால் விதை வெறும் கூடாக நின்றுவிடுகிறது.

மனிதனுக்கு இது வசதி. மரத்துக்குத்தான் ஆபத்து. குச்சி வெட்டி நட மனிதன் இல்லாவிட்டால், கடைசி மரம் பட்டுப்போகும் நாளில் அந்த ரகமே உலகத்தில் இல்லாமல் போய்விடும்.

அப்படியானால் இத்தனை காலம் எப்படிப் பிழைத்தது? யாரோ ஒருவர் ஒடித்துக் கொடுக்க, யாரோ ஒருவர் வாங்கிப்போய் நட, ஊர் ஊராக நடந்தே வந்திருக்கிறது.

இந்த வேலை எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு செய்தி உண்டு. ஜோர்டான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில், கரியாகிப்போன 9 அத்திப்பழங்கள் கிடைத்தன. அவை சுமார் 11,400 ஆண்டுகளுக்கு முந்தியவை. விதை பிடிக்காத ரகம் என்பதால், அன்றைய மக்களே குச்சி நட்டு வளர்த்திருக்க வேண்டும் என்று 2006-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். வேறு சில அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

பத்திரிகை கொடுத்த குச்சி

அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1880-களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பத்திரிகை ஒன்று, துருக்கியின் ஸ்மிர்னா பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான அத்திக் குச்சிகளை வரவழைத்து, தன் சந்தாதாரர்களுக்கு வழங்கியது. குச்சிகள் வேர் விட்டன. மரமாயின. காயும் காய்த்தது. ஆனால் பழுக்கும் முன்பே எல்லாம் உதிர்ந்துவிட்டன!

துருக்கிக்காரர்கள் உதவாத ரகத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். உண்மையில் குச்சியில் குற்றம் இல்லை. ஸ்மிர்னா ரகத்துக்குக் குளவி வேண்டும். குச்சியைக் கொண்டுவந்தார்களே தவிர, குளவியைக் கொண்டுவரவில்லை. 1899-ல் கலிபோர்னியாவில் குளவியை வெற்றிகரமாகக் குடியேற்றிய பிறகே பழம் நின்றது.

ஆகவே குச்சி வாங்கும்போது எந்த மரத்துக் குச்சி என்று கேட்டு வாங்க வேண்டும். தாய் மரம் எப்படியோ, குச்சியும் அப்படியே. புளிக்கும் மரத்தின் குச்சி இனிக்காது.

பென்சில் பருமன்

நடுவது கஷ்டமான காரியம் அல்ல. முருங்கைப் போத்து நட்டவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

முற்றிய, ஒரு வருட வயதுள்ள கிளை வேண்டும். பச்சைத் தளிர் அழுகிவிடும். பென்சில் பருமன் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு இருந்தால் போதும். கீழ் வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். அந்தக் கணுவை ஒட்டித்தான் வேர் புறப்படும். வெட்டிய இடத்தில் பால் வடியும். கையில் பட்டால் அரிக்கும், கண்ணில் படவே கூடாது. பால் காய ஒரு நாள் நிழலில் போட்டு வைக்கலாம்.

மணலும் செம்மண்ணும் கொஞ்சம் மக்கிய எருவும் கலந்து, முக்கால் பாகம் மண்ணுக்குள் போகும்படி ஊன்ற வேண்டும். பழைய பெயிண்ட் டப்பாவே போதும். அடியில் நாலு ஓட்டை போட மறக்கக் கூடாது. மும்பையில் மழை கொட்டும் ஜூலை வேண்டாம், குச்சி ஊறிப்போகும். டிசம்பர், ஜனவரி நல்ல காலம்.

தலைகீழாக நட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் வராது. மொட்டுகளில் ஊறும் ஆக்சின் என்ற சத்து கீழ் நோக்கித்தான் இறங்கும். அது அடி வெட்டில் சேர்ந்து, அங்குள்ள திசுவை வேராக மாற்றுகிறது. இது 1930-களில் தெரியவந்தது. நர்சரிகளில் விற்கும் வேர்விடும் பொடியும் இதே வகைச் சத்துதான். அஞ்சீருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

நட்டு இரண்டு மூன்று வாரத்தில் குச்சியில் பச்சை இலை எட்டிப் பார்க்கும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். 'பிடித்துக்கொண்டது' என்பார்கள். வெயிலில் தூக்கி வைப்பார்கள். குடம் குடமாகத் தண்ணீர் விடுவார்கள். பத்தே நாளில் இலை தொங்கிவிடும். குச்சியை இழுத்துப் பார்த்தால் அடியில் ஒரு வேர் கூட இருக்காது!

அந்த முதல் இலை குச்சியின் கையிருப்பில் வந்தது. தாய் மரம் கட்டிக்கொடுத்த சோறு என்று வைத்துக்கொள்ளலாம். அது தீர்வதற்குள் வேர் வர வேண்டும். வேர் வருவதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் கூட ஆகும். அதுவரை நிழல் வேண்டும், மண்ணில் லேசான ஈரம் வேண்டும். முக்கியமாக, குச்சியை அசைக்காமல் இருக்க வேண்டும். தினமும் பிடுங்கிப் பார்க்கிறவர் கையில் எந்தக் குச்சியும் பிழைத்ததில்லை.

இந்தக் காலத்துப் பையன்கள் கம்ப்யூட்டரில் ஆடும் 'வின்டேஜ் ஸ்டோரி' என்ற விளையாட்டில் கூட இது வருகிறது. காட்டில் பழ மரத்தைக் கண்டுபிடித்து, குச்சி வெட்டி, வீட்டருகே நட வேண்டும். அங்கும் நட்டதெல்லாம் பிழைப்பதில்லை. விளையாட்டிலேயே சாகும்போது, நிஜத்தில் ஒன்றை மட்டும் நட்டுவிட்டுக் காத்திருப்பது சரியல்ல. நாலைந்தாக நட வேண்டும்.

திராட்சை, மாதுளை, மல்பெரி ஆகியவையும் இப்படியே குச்சியில் வரும். மாமரக் குச்சியையும் சிக்கு குச்சியையும் நட்டு ஏமாற வேண்டாம். அவற்றுக்கு ஒட்டுக் கட்டுவதுதான் வழி.

சால் வீட்டில் முடியுமா?

ஐந்தாறு மணி நேர வெயில் விழும் கேலரியாக இருந்தால் முடியும். வேர் பிடித்ததும் பெரிய டிரம்முக்கு மாற்றி, கிளையை வெட்டி வெட்டி ஆள் உயரத்தில் நிறுத்தலாம். இரண்டு மூன்று வருடத்தில் காய் பார்க்கலாம். மழைக் காலத்தில் இலையில் துரு போலப் புள்ளி விழும். அந்த இலைகளைக் கிள்ளி எறிய வேண்டும். டிரம்முக்கு அடியில் ஒரு தட்டு வைப்பது அவசியம். கீழ் வீட்டுக்காரரின் துணியில் தண்ணீர் சொட்டினால் மரத்துக்கு ஆயுள் குறைவு.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. பதினொரு மாத அக்ரிமென்ட் முடிந்து வீடு மாறும்போது டிரம்மை டெம்போவில் ஏற்ற முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை. மரத்தை அடுத்துக் குடிவருகிறவரிடம் விட்டுவிட்டு, நான்கு குச்சிகளை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். புது வீட்டில் வளர்வதும் அதே மரம்தான்.

ஊருக்கே கொண்டுபோக நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. வறண்ட வெயில் ஊர் அஞ்சீருக்குப் பிடிக்கும். இலைகளைக் கிள்ளிவிட்டு, குச்சியை ஈரமான செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டினால் நாலைந்து நாள் தாங்கும். நாகர்கோவில் ரயில் போய்ச் சேர அவ்வளவு நாள் ஆகாது. மேல் நுனியைச் சாய்வாகவும் அடியை நேராகவும் வெட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஊரில் இறங்கிப் பிரிக்கும்போது எது தலை, எது கால் என்று தெரியாமல் விழிக்க நேரும்.